சித்தி ஏரியல் கட்டிய வருஷம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் கோடு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவார். இன்னொருவர் கீழே நின்றபடி "வந்துடுச்சு, வந்துடுச்சு, போச்சு" என்பார். சேலையூரில் எங்கள் தெருவில் மட்டும் யாரும் மாடிக்கு ஓட மாட்டார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து எங்கள் வீட்டு மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே ஒரு செப்புக் கம்பி தொங்கும். அதன் கீழே ஓர் ஒற்றை அறை. அந்த அறையில் என் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. தாயும் தகப்பனும் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். குரோம்பேட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டன்ட். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தன. அவளுக்கு இருந்த ஒரே கிறுக்கு வயர்லெஸ். அரசாங்கத்துப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வயர்லெஸ் வைத்துக்கொண்டு எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்களோடு பொழுதுபோக்காகப் பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. ஹாம் என்பார்கள். சித்தி அதில் ஒருத்தி. கேட்கும் செட், ரிச்சி தெருவில் பழைய சாமான்களோடு வாங்கியது. அனுப்பும் செட்டையும் மாடியில் தொங்கிய கம்பி ஏரியலையும் அவளே செய்தாள். அவள் பேச ஆரம்பித்தால் தெருவில் டிவிக்கெல்லாம் கோடு விழும். ஈயம் உருகும் அந்தக் கசப்பான புகை வாசனை அவள் புடவைகளில் எப்போதும் இருக்கும்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்களுடையது சேலையூரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு அப்பா வேளச்சேரி சாலையில் ஹார்டுவேர் கடை வைத்தார். நிலம் விற்ற நாட்களில் சொந்தக்காரர்களே அவரை ஏமாற்றியிருந்தார்கள். அதிலிருந்து சந்தேகப்படுவது அவருக்குப் பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. பால்காரர் நிற்கும்போதே பாலில் விரலை விட்டுச் சொட்ட விடுவார். கேஸ் சிலிண்டரை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். மில்லிலிருந்து வந்த மாவு நாம் கொடுத்த கோதுமைதானா என்று முகர்ந்து பார்ப்பார். வீட்டில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் அவருடைய நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

அந்த வருஷம் கார்த்திகைக்குச் சித்தி மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக அகல் விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணெய்க்குப் பதிலாக ஒரு குட்டி பல்பு செருகினாள். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே எரிந்துகொண்டே போய், கடைசியில் எல்லாம் ஒன்றாக அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவர் கூட "சிக்னல் மாதிரியே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கரண்ட் மீட்டருக்கு முன்னால் நின்றார். சக்கரம் வழக்கம்போலத்தான் சுற்றியது. "பேட்டரியில எரியுது அத்தான்" என்றாள் சித்தி. "அந்த பேட்டரி எங்கேர்ந்து வந்தது?" என்றார் அப்பா.

தை மாதம் என் பிறந்தநாள். மற்ற பெண்களுக்கெல்லாம் பாவாடை சட்டை கிடைத்த வயதில் எனக்குச் சித்தி ஒரு மரப்பலகை கொடுத்தாள். அதில் அப்பா கடை ஹாக்சா பிளேடின் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு பஸ்ஸர். பிளேடை அழுத்தினால் கீ என்று கத்தும். குட்டையாக அழுத்தினால் புள்ளி, நீட்டி அழுத்தினால் கோடு. அதிலேயே எல்லா எழுத்தும் எண்ணும் உண்டு, அதற்கு மோர்ஸ் என்று பெயர் என்று சொல்லிக்கொடுத்தாள். எழுத்து எனக்கு ஏறவில்லை. எண்கள் மட்டும் வந்தன. என் வயதை நான் கீ கீ என்று அடித்துக்காட்ட, அம்மா பாயசக் கரண்டியோடு நின்று சிரித்தாள். அப்பா பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் ஒரு பிளேடு குறைந்தது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையில் ஆண் குரல் கேட்கும். கனத்த, சிரிக்கிற குரல். வானிலை, வால்வு, மசால் தோசை என்று எதையாவது பேசிவிட்டுக் கடைசியில் "செவன்டி த்ரீ" என்று முடிக்கும். சித்தியும் "செவன்டி த்ரீ" என்பாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அது என்ன செவன்டி த்ரீ? எந்த ஊர் பஸ்ஸு?"

"பஸ்ஸு இல்லப்பா. வாழ்த்துக்கள்னு அர்த்தம். சித்தி சொன்னா."

"வாழ்த்துன்னா வாழ்த்துன்னு சொல்ல வேண்டியதுதானே. நம்பர் எதுக்கு?"

அன்றிலிருந்து சித்தி எங்கே போனாலும் என்னையும் கூட அனுப்பினார். "யார் யார் வர்றாங்க, என்ன பேசறாங்கன்னு பாத்துக்கோ" என்பார். அம்மாவுக்குத் தெரியாது. சித்திக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. என்னைக் கூட்டிப் போவதில் அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ரிச்சி தெருவுக்கு மின்சார ரயிலில் போவோம். குடை மிட்டாய் போல வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், தகர டப்பா டப்பாவாய்க் கண்டென்சர்கள். கடைக்காரர் சித்தியைப் பார்த்ததும், "இன்னா மேடம், போன வாரம் வாங்கினது எரிஞ்சி பூட்ச்சா?" என்பார். நான் நடந்ததை நடந்தபடியே அப்பாவிடம் சொல்வேன்.

"என்ன கேட்டா?"

"பிசி நூத்தி நாப்பத்தெட்டு ட்ரான்சிஸ்டர் இருக்கான்னு கேட்டா."

"மறுபடி நம்பர்" என்று அப்பா தாடையைத் தடவிக்கொள்வார். நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவருடைய சந்தேகத்துக்கு ஒரு செங்கல்லாகப் போய்ச் சேர்ந்தது. போகப்போக எனக்கும் தொற்றிவிட்டது. பஸ் கண்டக்டர் சித்தியைப் பார்த்து விசில் அடித்தால்கூட அது நீளமா குட்டையா என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

சித்திரை வெயிலில் ஹாம் கூட்டம் சிறுசேரிக்கு ஒரு விளையாட்டுக்குப் போனது. இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் அப்போது முள்ளும் மணலும் சவுக்குத் தோப்பும்தான். நரி வேட்டை என்று அதற்குப் பெயர். ஒருவர் ஒரு சின்ன வயர்லெஸ்ஸை எங்கேயாவது ஒளித்துவைப்பார். அது கீ கீ என்று கத்திக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் கையில் வளைய ஏரியலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் கூடும் திசையில் நடந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் குரலை அன்று நேரில் பார்த்தேன். எழுபது வயதுக்காரர், தொந்தி, ஒரு தூக்கு நிறையத் தயிர் சாதம். எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. நரியை ஒளித்துவைத்தவர் வேறு. தோள்வரை முடியும் மார்பு வரை தாடியுமாக ஒரு மனிதர். கோவளத்து மீனவர் வீடு, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலை, அக்காவின் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டு முடி வளர்க்கிறார் என்று சித்தி சொன்னாள். அவர் யாரோடும் பேசவில்லை. நான் பெயர் கேட்டபோது வாயைத் திறந்து வெகுநேரம் போராடினார். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தன. "அவர் பேச நேரம் எடுத்துப்பார். நீ முடிச்சு வைக்காதே, காத்துக்கிட்டு இரு" என்று சித்தி என் காதில் சொன்னாள். வயர்லெஸ்ஸில்கூட அவர் பேசுவதில்லையாம். மோர்ஸ் மட்டும்தான்.

எல்லோரும் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்கள். சித்தி மட்டும் ஏரியலை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நேராகப் போனாள். நுங்குக் குவியலுக்கு அடியில் கோணிக்குள் இருந்தது அது. அந்த அம்மா சிரித்தாள். "அந்தத் தாடிக்காரரு வச்சிட்டுப் போனாரும்மா. காவலுக்கு ரெண்டு நுங்கு கூட வாங்கிகினாரு."

தோப்பிலிருந்து திரும்பியவர்கள் முகம் சரியாக இல்லை. "முன்னாடியே சொல்லிட்டாரோ?" என்று ஒருவர் முணுமுணுத்தார். "ஏரியல் இந்தப் பக்கம்தான் காட்டுச்சு" என்றாள் சித்தி. தாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து தொந்தி, தயிர் சாதம், நுங்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுபது வயசா? பொண்டாட்டி இருக்கா?" என்றார் அப்பா.

தாடிக்காரர் பேசவே இல்லை என்று சொன்னதும் அவரை விட்டுவிட்டார். பேசாத மனிதனைப் பற்றி அப்பாவுக்கு என்ன கவலை.

அதன் பிறகு ஒரு மாலை, மாடியில் துணி எடுக்கப் போனபோது சித்தியின் செட் கீ கீ என்று சொல்லிக்கொண்டிருந்தது. எழுத்துகள் ஓடிப் போயின. கடைசியில் வந்தது எண் என்று தெரிந்தது. எட்டு, எட்டு. சித்தி திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தன் மோர்ஸ் சாவியில் அதையே திருப்பி அடித்தாள். "எழுபத்திமூணு வாழ்த்துன்னா இது என்ன சித்தி?" என்று கேட்டேன். "அன்பு" என்றாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அப்பா கீழே நாற்காலியில்தான் இருந்தார். அந்தக் கீ கீ தினமும் சாயங்காலம் அவர் தலைக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காது ஞாயிற்றுக்கிழமைக் குரலுக்காகக் காத்திருந்தது. இதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பிறகு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதம் வந்தது. உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எங்கள் பக்கம் ஒவ்வொரு வாடகை வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். புதிதாகக் குடிவந்தவர் தமிழை ஒரு மாதிரி பேசினால் தெரு மௌனமாகிவிடும். பேப்பரில் தினமும் வயர்லெஸ் என்ற வார்த்தை வந்தது. முந்தைய கார்த்திகைக்குச் சுவரோரம் நின்று கைதட்டியவர்கள் இப்போது எங்கள் மாடியைக் கடக்கும்போது நடையை மாற்றினார்கள். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்மணி அம்மாவிடம், "உங்க தங்கச்சிக்கு விமானப்படை கேம்ப் பக்கம் என்ன வேலைன்னு கேட்டாங்க" என்றாளாம். யார் கேட்டார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் போலீஸ் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். லைசென்ஸைப் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்கள், அம்மா கொடுத்த காபியைக் குடித்தார்கள். "கொஞ்ச நாள் எங்ககிட்ட இருக்கட்டும்மா, விசாரணை முடிஞ்சதும் குடுத்துடுவோம்" என்று செட்டை ஜீப்பில் ஏற்றினார்கள். சித்தி அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டாள், குலுங்காமல் போகட்டும் என்று.

"எதிர்வீட்டுக்காரன்தான் எழுதிப் போட்டிருக்கான். டிவி கோடு விழுதுன்னு ரொம்ப நாளா கறுவிக்கிட்டு இருந்தான்" என்றார் அப்பா. அன்றோடு அந்த வீட்டோடு பேச்சு நின்றது. மாடி அறை அமைதியாகிவிட்டது. சித்தி வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். அம்மா ஏதாவது கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பாள். அப்பா அவளிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அவள் பையை எங்கே வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு மொபெட் நின்றது. இறங்கியவர் ஒட்ட வெட்டிய தலை, மழுமழுவென்ற முகத்தில் நேரான மீசை, காக்கி பேன்ட். அப்பா சாப்பாட்டுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முடியையும் காக்கியையும் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார்.

வந்தவர் உட்கார்ந்தார். "இங்க... வ... வ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"வயர்லெஸ்தானே சார்? எடுத்துட்டுப் போயிட்டாங்களே. லைசென்ஸ் பக்காவா இருக்கு சார்."

அவர் தலையாட்டினார். மறுபடி ஒரு நீண்ட மௌனம். போலீஸ்காரன் வேண்டுமென்றே காக்க வைக்கிறான் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நெற்றி வியர்த்தது.

"அவங்க... எ... எப்படி..."

"எப்படிப்பட்ட பொண்ணுன்னு கேக்கறீங்க. சொல்றேன் சார். தங்கமான பொண்ணு."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதரின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தன. அந்த விரல்களை எனக்குத் தெரியும். தாடி இல்லாத முகம்தான் புதிது. அக்காவுக்குப் பிரசவம் ஆகி வேண்டுதலை முடித்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

அவர் அதைத்தான் கேட்க வந்தாரா, எப்படி இருக்கிறாள் என்று கேட்க வந்தாரா என்று அப்பா நினைத்தே பார்க்கவில்லை. எழுந்து நின்றுகொண்டே பேசினார். "சார், நான் யாரையும் நம்பாத ஆளு. ஊர்ல கேட்டுப் பாருங்க. என் சொந்தத் தம்பியைக் கூட கல்லாப் பக்கம் விடமாட்டேன். ஆனா வெளியூர் போனா கடைச் சாவி அவகிட்டதான். இந்தக் குழந்தைக்கு மஞ்சக் காமாலை வந்தப்போ நாங்க ரெண்டு பேரும் பயந்து உக்காந்துட்டோம். அவதான் லீவு போட்டுப் பக்கத்துலேயே இருந்து தேத்தினா. அந்த மெஷினெல்லாம் அவ மூளை சார். நம்ம குடும்பத்துல அந்த மாதிரி மூளை யாருக்கும் கிடையாது. கெட்ட எண்ணம்னா அவளுக்கு என்னன்னே தெரியாது. வேணும்னா என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவளைக் கூப்பிடாதீங்க."

அம்மா உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் தங்கையைப் பற்றி அப்பா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை.

வாசல் கேட் கிரீச்சிட்டது. சித்தி உள்ளே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இவர் போலீஸ் இல்ல அத்தான்."

"அப்ப யாரு?"

வந்தவர் எழுந்தார். வாயைத் திறந்தார். இந்த முறை அப்பாவால் அவருக்காக எதையும் சொல்லி முடிக்க முடியவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரியாமல், எல்லோரையும் போல அவரும் காத்திருந்தார்.

"நா... நான் கோவளம். எங்க வூட்லயும் செட்டை எ... எடுத்துகினு போயிட்டாங்க. எல்லார் வூட்லயும்தான். அவங்க சத்தமே இல்லன்னு... பார்த்துட்டுப் போ... போலாம்னு வந்தேன். இவங்களை நான் க... கட்டிக்கணும்னு இருக்கேன் சார்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். காபியை அவர்தான் குடித்தார், கோவளத்துக்காரர்.

அதன் பிறகு நடந்தது அப்பாவின் விசாரணை. ஞாயிறுதோறும் கோவளத்துக்கு பஸ் ஏறினார். டீக்கடையில் உட்கார்ந்தார், மீன் ஏலம் போடும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார், காட்டாங்குளத்தூரில் கல்லூரி வாட்ச்மேனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டார். அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "ஒருத்தன்கூட ஒரு குறை சொல்லலை. அதுதான் இடிக்குது."

"கடக்கரை ஆளுங்க, நமக்குச் சரிப்படாது" என்று பெரியப்பா வந்து குதித்தபோது அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் அந்த ஊரை நாலு பக்கமும் விசாரிச்சுட்டேன். உன்னை விசாரிச்சா இவ்ளோ நல்லா சொல்ல மாட்டாங்க" என்றார். பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. திருப்போரூரில் ஆவணியில் நடந்தது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் தானாகவே வந்து ஒரு குத்துவிளக்கு கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியுமோ என்னவோ. அப்பா அந்த விளக்கைத் தலைகீழாகப் பிடித்து அடியில் ஏதாவது பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் சித்தியிடம் போய், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான் பேசினதெல்லாம் போலீஸ்னு நினைச்சுப் பேசினது" என்றார்.

"தெரியும் அத்தான்."

"போலீஸ்கிட்ட நான் பொய் சொல்றதில்லை" என்று சொல்லிவிட்டுப் பந்தி பார்க்கப் போய்விட்டார்.

செட்டுகள் மறு வருஷம் இரண்டு வீட்டுக்கும் திரும்பி வந்தன. சித்தி இன்னும் கோவளத்தில்தான் இருக்கிறாள். போன வருஷம் நான் போயிருந்தபோது, வறுத்த வஞ்சிரத்தில் முள் எடுத்துக்கொண்டே, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மொபெட் வந்த அந்த வாரம் அவள், அவருக்குக்கூடச் சொல்லாமல், வீட்டை விட்டுக் கோவளத்துக்குப் போய்விட எல்லாம் தயாராக வைத்திருந்தாளாம். துணிகள் பாலிடெக்னிக் அலமாரியில். யாரிடமும் சொல்லிக்கொள்வதாக இல்லை. சொன்னால் நடக்காது என்று உறுதியாக நம்பியிருந்தாள். அன்று மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தவள், வாசலில் அந்த மொபெட்டைப் பார்த்துத் திகைத்து, கேட்டுக்கு வெளியே வெயிலிலேயே நின்றுவிட்டாள். அப்பா பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்தது.

"என்னைத் திருடி மாதிரி பார்த்துக்கிட்டு இருந்த மனுஷன். எனக்காக ஸ்டேஷனுக்கு வரேன்னு சொல்றாரு. அப்புறம் எப்படிச் சொல்லாம போறது? கேட்டுட்டே போலாம்னு தோணுச்சு. அதான் கேட்டைத் திறந்தேன்."

அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இதை அவரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் சித்தி, ஒரு நாள் சொல்லேன் என்றேன்.

சித்தி ஒரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

"வேணாம்டி. துணியெல்லாம் அலமாரியில வச்சிருந்தேன்னு சொன்னா, வேற என்னெல்லாம் எங்கெங்க வச்சிருந்தேன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாரு."